ஆக்சிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜன்

மஞ்சள் பட்டாம்பூச்சியின் சிறகுக்கு அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் என்ற இளைஞர் இதை ஆராய்ந்துகொண்டிருந்தார். பின்னாளில் வைட்டமின் ஆராய்ச்சிக்காக 1929இல் நோபல் பரிசு பெற்ற ஹாப்கின்ஸ்தான் அவர். சிறகிலிருந்து அவர் பிரித்தெடுத்த நிறமிகளின் குடும்பத்துக்கு ஜெர்மன் வேதியியலாளர்கள் பிறகு ஒரு பெயர் வைத்தார்கள்: டெரின். சிறகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். இரண்டு அறுகோண வளையங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்கும்; வளையங்களுக்குள் நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருக்கும். அதுதான் டெரினின் எலும்புக்கூடு.

அதே எலும்புக்கூடு நாம் சாப்பிடும் கீரையிலும் இருக்கிறது. ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினின் தலைப்பகுதி அது. முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை நம் தெருவில் யாரோ ஒருவர் விழுங்குகிற மஞ்சள் மாத்திரையிலும், ரத்தப் புற்றுநோய் வார்டில் ஒரு குழந்தையின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கும் மஞ்சள் திரவத்திலும் இருப்பது அதுவே. மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். உயிர் வளர வைட்டமின் வேண்டும். அந்த வைட்டமினின் உருவத்தை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டு செல்லின் வளர்ச்சியை நிறுத்துகிறது இந்த மருந்து. எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் வைட்டமினைப் பார்த்துவிடுவோம். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஜவுளி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். சாதாரண ரத்தசோகையில் சிவப்பணு சிறுத்துப்போகும். இவர்களுடைய சிவப்பணுக்களோ அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. இரும்புச்சத்து கொடுத்துப் பயனில்லை. வில்ஸ் அந்தப் பெண்களின் சாப்பாட்டைக் கவனித்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் சில மாதங்கள் வேலை செய்தார். 1931இல் சென்னையில் இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிற மருத்துவமனையில். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்தார். மார்மைட்டில் எந்தப் பொருள் குணப்படுத்துகிறது என்பது அப்போது தெரியவில்லை. பத்தாண்டு கழித்து, 1941இல், அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பசலைக்கீரையைக் கரைத்து வடித்து, அதில் சொற்ப அளவே இருந்த ஒரு பொருளைச் செறிவாகப் பிரித்தார்கள். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸ் தேடிய பொருள் அதுதான்.

அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய குழுவின் தலைவரும் திருவல்லிக்கேணியோடு தொடர்புள்ளவரே. எல்லப்பிரகட சுப்பாராவ், ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தி அறுவைசிகிச்சை வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கைநழுவி, ஒரு படி தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு அமெரிக்கா சென்று, பாஸ்டனில் மருத்துவமனை ஒன்றில் இரவு நேரக் கடைநிலை ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். அவருடைய சகோதரரைக் கொண்டுபோனது வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோய். அந்த நோயில் குடல் சத்தை உறிஞ்சாது, ரத்தம் வற்றிப்போகும். அந்த நோய்க்கு ஃபோலிக் அமிலம் மருந்து என்று பின்னால் தெரியவந்தது. லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவின் குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டது. அந்த மனிதர் இதற்காக ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஃபோலிக் அமிலம் வேண்டிய மட்டும் கிடைத்ததும், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், அதற்கு நெருக்கமான சேர்மங்களை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரத்தசோகையைத் தீர்க்கும் சத்து இந்த நோய்க்கும் நல்லது செய்யும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எலும்பு மஜ்ஜையைப் பரிசோதித்தபோது நோய் இன்னும் வேகமெடுத்திருப்பது தெரிந்தது. வேறொருவர் என்றால் சேர்மத்தை ஒதுக்கிவைத்திருப்பார். ஃபார்பரோ அந்த முடிவை மறுமுனையிலிருந்து படித்தார்: ஃபோலிக் அமிலம் புற்றுநோய்க்கு உணவு என்றால், அந்த உணவை மறித்தால் என்ன ஆகும்? அந்த வேலைக்கான எதிரிகளை லெடர்லியிலேயே தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் வலுவானது அமினோடெரின். அதை உருவாக்கிய வேதியியலாளர்களில் முக்கியமானவர் டோரிஸ் சீகர் என்ற பெண்மணி.

1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வெளியானது. 16 குழந்தைகளுக்கு அமினோடெரின் கொடுக்கப்பட்டது. 10 பேருக்கு நோய் சில மாதங்கள் பின்வாங்கியது. தற்காலிகம்தான், நோய் திரும்பியது. ஆனால் அதுவரை அந்த நோய்க்கு மருத்துவத்திடம் கைவசம் எதுவுமே இருந்ததில்லை. வாரக்கணக்கில் முடிந்துபோகிற நோய் அது. கட்டுரை வந்த இரண்டாவது மாதம், ஆகஸ்டில், சுப்பாராவ் 53ஆம் வயதில் இறந்துபோனார்.

இப்போது மூலக்கூறுகளை அருகருகே வைப்போம். ஃபோலிக் அமிலத்துக்கு மூன்று உறுப்புகள். தலையில் டெரின் வளையம். நடுவில் பாரா அமினோ பென்சாயிக் அமிலம். வாலில் குளுட்டாமிக் அமிலம். அஜினமோட்டோவில் இருப்பது இதன் சோடியம் உப்புதான். தலையில் நான்காம் இடத்தில் உள்ள கார்பனில் ஒரு ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும் கொண்ட அமினோ தொகுதியை வையுங்கள். அமினோடெரின் தயார். நடுப்பகுதியை ஒட்டியிருக்கும் பத்தாம் நைட்ரஜனில் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் தொகுதியையும் சேர்த்தால், அது மெத்தோட்ரெக்சேட். 20 கார்பன், 22 ஹைட்ரஜன், 8 நைட்ரஜன், 5 ஆக்சிஜன். மூலக்கூறு எடை 454. ஃபோலிக் அமிலத்தின் எடை 441. இந்த இரண்டு திருத்தங்களில் முதலாவதுதான் உயிரைப் பிடிக்கும் திருத்தம்.

ஃபோலிக் அமிலம் செல்லுக்குள் செய்யும் வேலை என்ன என்பதைச் சொன்னால்தான் இது புரியும். அது ஒரு சுமைதூக்கி. ஒற்றைக் கார்பனைச் சுமந்துபோய், டி.என்.ஏ.வின் எழுத்துகளைக் கட்டும் இடத்தில் இறக்கிவைக்கும். ஆனால் நான்கு ஹைட்ரஜன் ஏற்றப்பட்ட டெட்ராஹைட்ரோஃபோலேட் என்ற வடிவில் இருந்தால்தான் அதற்குச் சுமை ஏறும். டி.என்.ஏ.வின் தைமின் எழுத்தைக் கட்டும்போது மட்டும் ஒரு சங்கடம் நேர்கிறது: கார்பனோடு கூடவே ஹைட்ரஜனும் பறிபோகிறது, சுமைதூக்கி, இரண்டு ஹைட்ரஜன் மட்டுமே மிஞ்சிய டைஹைட்ரோஃபோலேட்டாகத் திரும்பி வருகிறது. பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பாலை இறக்கிவிட்டு வரும் கேன்களைக் கழுவிக் கவிழ்க்க ஓர் ஆள் இருந்தால்தான் மறுநாள் பால் ஊற்ற முடியும். செல்லில் அந்த ஆளின் பெயர் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ். 186 அமினோ அமிலங்களால் ஆன சிறிய நொதி. காலிக் கேனைத் தன் குழிக்குள் வாங்கி, என்.ஏ.டி.பி.எச். என்ற துணைப்பொருளிடமிருந்து ஹைட்ரஜனைப் பெற்று ஏற்றி, வெளியே அனுப்புகிறது.

மெத்தோட்ரெக்சேட் அந்தக் குழிக்குள் கேனின் உருவத்தில் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. கழுவ வேண்டிய கேன்கள் வெளியே குவிகின்றன. பால் ஊற்றக் கேன் இல்லை. தைமின் கட்டுவது நின்றுபோகிறது. தைமின் இல்லாமல் டி.என்.ஏ. நகலெடுக்க முடியாது, நகலெடுக்காமல் செல் பிரிய முடியாது. இடைவிடாமல் பிரிகிற செல்களே முதலில் அடிவாங்கும். புற்றுநோய்ச் செல்கள் அப்படிப்பட்டவை. எலும்பு மஜ்ஜையும் வாய், குடல் ஆகியவற்றின் உட்பூச்சும்கூட அப்படிப்பட்டவையே. வாய்ப்புண்ணும் ரத்த அணுக்கள் குறைவதும் இந்த மருந்தின் விளைவுகளாக வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மருந்தின் வேலைக்கும் பக்கவிளைவுக்கும் வேர் ஒன்றுதான்.

ஆக்சிஜன் போய் நைட்ரஜன் வந்ததால் இது எப்படி முடிகிறது? அமினோ தொகுதி வந்ததும் டெரின் வளையத்தின் காரத்தன்மை கூடுகிறது. வளையத்தின் முதலாம் நைட்ரஜன் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு நேர்மின் ஏற்றம் பெறுகிறது. நொதியின் குழிக்குள், மனிதர்களில் 30ஆம் இடத்தில், குளுட்டாமிக் அமிலம் ஒன்று எதிர்மின் ஏற்றத்தோடு காத்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அசல் வைட்டமினுக்கு அந்தப் பிடி கிடையாது. அதனால் மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் அமிலத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு இறுக்கமாக நொதியில் ஒட்டுகிறது. 1977இல் இ. கோலை பாக்டீரியாவின் நொதியையும் மெத்தோட்ரெக்சேட்டையும் சேர்த்துப் படிகமாக்கி, எக்ஸ்-கதிரால் அணு அணுவாக வரைபடம் எடுத்தார்கள். மருந்தின் தலை வளையம் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் விதம், வைட்டமின் உட்கார வேண்டிய விதத்துக்குக் குப்புறப் புரண்டது என்பது அதன் வழியே தெளிவானது. வளையம் 180 பாகை திரும்பியிருந்தது. ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இரண்டு மூலக்கூறுகளில் ஒன்று மல்லாந்து கிடக்கிறது, மற்றது குப்புறக் கிடக்கிறது. புரண்டு கிடப்பதில் ஹைட்ரஜன் ஏற வேண்டிய இடம் எட்டாது. நொதியால் அதை மாற்றவும் முடியாது, சுலபத்தில் விடவும் முடியாது. இந்த நூலில் நான் எழுதியுள்ள நொதித் தடைகளில் இதைவிட அழகானதை நான் அறியேன்.

ஆஸ்பிரினோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஆஸ்பிரின் தன் அசெட்டைல் தொகுதியைக் கழற்றி நொதியின் மேல் நிரந்தரமாக ஒட்டிவிட்டுப் போய்விடும். மெத்தோட்ரெக்சேட் அப்படி எந்த வேதிப் பிணைப்பையும் ஏற்படுத்துவதில்லை. மின் ஈர்ப்பும் ஹைட்ரஜன் பிணைப்புகளும் உருவப் பொருத்தமும் மட்டும்தான் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. எனவே அது கொள்கையளவில் விடுபடக்கூடியது. நடைமுறையில், வைட்டமின் எவ்வளவு குவிந்தாலும் அதைத் தள்ளி வெளியேற்றுவது கடினம்.

வால் பகுதிக்கும் ஒரு வேலை இருக்கிறது. செல்லுக்குள் வந்த ஃபோலேட் வெளியே கசிந்துவிடாமலிருக்க, அதன் குளுட்டாமிக் வாலில் இன்னும் சில குளுட்டாமிக் அமிலங்களைச் செல் கோத்துவிடும். வால் நீண்டால் எதிர்மின் ஏற்றம் கூடும். சவ்வைத் தாண்டி வெளியேற முடியாது. ஏமாந்த செல் மெத்தோட்ரெக்சேட்டுக்கும் அதே வாலைக் கோத்துவிடுகிறது. அதனால்தான் ரத்தத்திலிருந்து மருந்து சில மணி நேரத்தில் இறங்கிவிட்டாலும் செல்லுக்குள் அது நாட்கணக்கில், வாரக்கணக்கில் தங்குகிறது. வாரம் ஒருமுறை சாப்பிட்டால் போதும் என்பதற்கு அடிப்படை இந்த நீண்ட வால்தான்.

வால் அமிலமாக இருப்பதன் இன்னொரு விளைவைப் புற்றுநோய் வார்டில் காணலாம். மெத்தோட்ரெக்சேட் தண்ணீரில் லேசில் கரையாது. அமிலத்தில் இன்னும் மோசம்; காரத்தில் வாலின் அமிலத் தொகுதிகள் ஹைட்ரஜனை விட்டுவிட்டு அயனியாகி நன்றாகக் கரையும். சில புற்றுநோய்களுக்கு இதைக் கிராம் கணக்கில் ஏற்றுகிறார்கள். அவ்வளவும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீர் அமிலமாக இருந்தால் மருந்து அங்கேயே படிகமாக உறைந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். அடைபட்டால் மருந்து உடலிலேயே தேங்கி மஜ்ஜையை அழிக்கும். சிறுநீரின் பி.எச். அளவு 6இலிருந்து 7ஆக உயர்ந்தால் கரைதிறன் 5 முதல் 8 மடங்கு கூடுகிறது. அதனால் மருந்துக்கு முன்பும் பின்பும் ஏராளமான திரவத்தோடு சோடியம் பைகார்பனேட்டையும் ஏற்றுகிறார்கள். நம் வீட்டு ஆப்பச் சோடாதான் அது. செவிலியர் சிறுநீரில் தாளை நனைத்து நிறம் பார்த்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம், ஒரு குளுட்டாமிக் அமிலத்தின் நுனியிலிருக்கும் ஹைட்ரஜன்.

இவ்வளவு மருந்தைக் கொடுத்த பிறகு நல்ல செல்களை எப்படிக் காப்பாற்றுவது? ஃபோலிக் அமிலத்தை அள்ளிக் கொடுத்தால் தீராது. அது வேலைக்கு ஆக வேண்டுமானால் இப்போது அடைபட்டிருக்கும் அதே நொதியைத் தாண்டித்தான் வர வேண்டும். எனவே ஏற்கெனவே ஹைட்ரஜன் ஏற்றப்பட்ட வடிவத்தை, ஃபோலினிக் அமிலத்தை, கொடுக்கிறார்கள். மருத்துவமனையில் லூக்கோவொரின் என்பார்கள். கழுவித் துடைத்த கேனையே நேராகக் கொண்டுவந்து இறக்குவது இது. எந்த மணிநேரத்தில் தொடங்குவது, ரத்தத்தில் மருந்து எவ்வளவு இறங்கும்வரை தொடர்வது என்பதில் பிசகு கூடாது. ஃபோலிக், ஃபோலினிக் என்று ஒரே ஓர் அசை வித்தியாசப்படும் இரண்டு பெயர்களுக்கு இடையில் இருப்பது உயிர் பிழைக்கும் வழி.

புற்றுநோய்ச் செல்களும் சும்மா இருப்பதில்லை. 1978இல் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஷிம்கே, மெத்தோட்ரெக்சேட்டுக்கு அசைந்துகொடுக்காத செல்கள் அந்த நொதியின் மரபணுவை ஒன்றுக்குப் பல பிரதிகளாகப் பெருக்கிவைத்திருப்பதைக் கண்டார். ஒரு நொதி அடைபட்டால் என்ன, நூறு நொதி செய்துகொள்கிறேன் என்பதே அந்தச் செல்லின் பதில். ஒற்றை மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு வலுச்சேர்த்த கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று.

அதற்கு முன்பே, 1956இல், அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும், நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து எழும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை மெத்தோட்ரெக்சேட்டால் முழுமையாகக் குணப்படுத்திக் காட்டினார்கள். மருந்தால் மட்டுமே குணமான முதல் திடக்கட்டி அது. கண்ணுக்குக் கட்டி மறைந்த பிறகும், அது சுரக்கும் ஹார்மோன் ரத்தத்தில் மிச்சமிருக்கும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது என்று லீ பிடிவாதம் பிடித்தார். அதற்காக அந்த நிறுவனத்தில் அவருக்கு வேலை போனது. அவர் சொன்னதே சரி. 1972இல் லாஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது.

மெத்தோட்ரெக்சேட் தடுக்கும் அதே நொதியின் பாக்டீரியா வடிவத்தை முக்கியமாகக் குறிவைக்கும் டிரைமெத்தோபிரிம் என்ற மருந்தை, மருந்து ஆய்வாளர் ஜார்ஜ் ஹிச்சிங்ஸின் ஆய்வுக்கூடம் உருவாக்கியது. நம் நொதியைவிட பாக்டீரியாவின் நொதியைப் பல ஆயிரம் மடங்கு இறுக்கமாக அது பிடிக்கும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-டிரைமாக்சசோல் மாத்திரையில் அது இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பாதையை மறித்து, மஜ்ஜையை அபாயத்தில் தள்ளும்.

முடக்குவாதத்துக்கு இந்த மருந்து வந்தது வெகு காலம் கழித்து. அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. இங்கே அளவு மிகக் குறைவு: வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. இந்த அளவில் செல் பிரிவதைத் தடுப்பதைவிட, நீண்ட வால் கொண்ட மெத்தோட்ரெக்சேட் வேறொரு நொதியைத் தடுத்து, அடினோசின் என்ற அழற்சி தணிக்கும் பொருளைப் பெருக்குவதே முக்கியம் என்பது இன்றைய விளக்கம். பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையையும் மருத்துவர் சேர்த்து எழுதுவார். விரல்கள் கோணிப்போய், சட்டைப் பொத்தான் போட முடியாதிருந்த எத்தனையோ பேர் இந்த மஞ்சள் மாத்திரையால் மறுபடியும் மாவு பிசைகிறார்கள், பூக் கட்டுகிறார்கள். விலையும் மிக மலிவு.

இதைச் சாப்பிடுகிறவர்களுக்கும் அவர்களோடு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மற்ற மாத்திரைகளைத் தினம் சாப்பிட்ட பழக்கத்தில் இதையும் தினம் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. சிறுநீரகம் பலவீனமான முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வாரத்தில் எந்த நாள் என்று மருத்துவரிடம் கேட்டு, அந்தக் கிழமையின் பெயரை மாத்திரை அட்டையின் மேல் பேனாவால் எழுதிவையுங்கள். 2.5 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும் பார்க்க ஒன்றுபோல் இருக்கலாம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் எண்ணைப் படியுங்கள். வெளிச்சம் பட்டால் இந்த மருந்து சிதையும், அட்டையிலிருந்து பிரித்துவைக்காதீர்கள். வலி மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ வாங்கும்போது கடைக்காரரிடமும் மருத்துவரிடமும் இதன் பெயரைச் சொல்லுங்கள். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடரக் கூடாது. கருவின் செல்கள் பிரிவதையும் இது நிறுத்திவிடும். வாயில் புண் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தோலில் காரணமில்லாமல் கன்றிப்போனாலோ, அடுத்த வார மாத்திரைக்குக் காத்திருக்காமல் அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.